எட்டுப் பேருக்கு ஓர் அடுப்பு

மார்ச் 3, செவ்வாய்

ராணுவச் சீர்திருத்தக் குழுவில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இன்றுதான் முதல்முறையாக எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கும்படி ஒரு படம் காட்டினேன். எல்லையோரம் அண்ணனின் படைப்பிரிவு இருக்கும் முகாமுக்கு மேலே நம் டிரோனையே பறக்கவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெப்பக் கேமராவில் எடுத்தது. காடு முழுக்கக் கருப்பு. நடுவில் சமையற்கூடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. அதை ஒட்டிச் சாப்பாட்டுக் கொட்டகை, அதற்குள் மொத்தப் படைப்பிரிவும். எதிரி சிரமப்படவே வேண்டாம்.

அந்தப் பெரிய அடுப்பை அணையுங்கள், எட்டுப் பேருக்கு ஒரு சின்ன அடுப்பு, வெவ்வேறு இடம், வெவ்வேறு நேரம் என்று மன்றாடினேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். குழுத் தலைவர் — எங்கே திறப்பு விழா என்றாலும் கத்தரிக்கோலோடு நிற்பதால் நாங்கள் வைத்த பெயர் ரிப்பன் ஜெனரல் — "படம் பிரமாதம்மா. பெரிசா ஃபிரேம் போட்டு ரிசப்ஷன்ல மாட்டலாம்" என்றார்.

அவருக்குச் சீர்திருத்தம் என்றால் புது வண்டி, புது ஹெல்மெட். பழைய பழக்கத்தை விடுவதற்கு ரிப்பன் வெட்ட முடியாதே! கமாண்டர்களிடம் கருத்துக் கேட்கலாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

முதல் எதிர்ப்பு வந்தது அண்ணனிடமிருந்து. என் சொந்த அண்ணன்.

போனில் பிடித்தேன். "எட்டு பேரா? அது பந்தி இல்ல பாப்பா, சீட்டுக் கச்சேரி" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அப்புறம் குரலை இறக்கிச் சொன்னான். "நாள் பூரா பள்ளத்துல தனித்தனியா கிடக்கிறானுங்க. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கிறது அந்த அரை மணி நேரம்தான். அதையும் பிடுங்கிட்டு எதை வெச்சு அவனுங்கள சண்டை போடச் சொல்ற?"

எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அவன் தட்டை எடுப்பான். கமாண்டர் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மார்ச் 9, திங்கள்

எல்லாக் கருத்தும் வந்துவிட்டது. என் பக்கம் ஒருத்தரும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

அண்ணி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். படத்தைப் பற்றி அண்ணனே அவளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஜெனரலே உன் பேச்சைக் கேக்கிறாரு. கூடப் பிறந்தவன் கேக்க மாட்டானா?"

ஜெனரலும் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மேஜர் என்று பெயர்தான், என்னால் ஓர் அடுப்பை அணைக்க முடியவில்லை. "பேசறேன் அண்ணி" என்று அனுப்பிவைத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "கெஞ்சு. சண்டை போடாதே. ரெண்டு பேரும் ஒரே அச்சு, சண்டை போட்டா ரெண்டும் இறங்காது" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

மூன்று நாளாக மதிய நேரத்தில் அண்ணனின் முகாமுக்கு மேல் எதிரியின் டிரோன் சுற்றுகிறதாம். அறிக்கையைப் படித்ததும் ஜெனரலின் அறைக்கு ஓடினேன். இன்றே அவசர உத்தரவு போடுங்கள் என்றேன். ரிப்பன் ஜெனரல், "அடுத்த வாரம் அமைச்சர் வர்றாரும்மா. புது வண்டியெல்லாம் வரிசையா நிக்கணும். அது முடியட்டும்" என்றார்.

கத்திவிட்டேன். வரிசையா நிக்கட்டும் சார், நல்லா நிக்கட்டும், எவன் ஓட்டறதுக்கு மிச்சம் இருப்பான்னு கேட்டேன். வெளியே போகச் சொன்னார்.

அண்ணி சொன்னபடி அண்ணனிடம் கெஞ்சினேன். இந்த ஒரு வாரம் மட்டும் பிரித்து உட்கார வை என்றேன். "சரி சரி, அழாதே. சின்ன அடுப்பு எதுவும் கையில இல்ல. வியாழக்கிழமை சப்ளை வண்டி வருது. வந்ததும் ஆரம்பிக்கிறேன், போதுமா?" என்றான்.

போதும் என்றேன். வியாழனுக்கு மூன்று நாள்தானே.

மார்ச் 18, புதன்

மதியம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அதே படம், இந்த முறை நேரலையில். கருப்புக் காடு, வெள்ளைப் புள்ளி. அப்புறம் திரை முழுக்க வெள்ளை.

அண்ணன் எங்கே? யாரைக் கேட்டாலும் லைன் கிடைக்கலன்னு சொல்றாங்க. அண்ணி மூணு தடவை கூப்பிட்டா. எடுக்கல. என்னன்னு எடுப்பேன்? கடவுளே, ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

மார்ச் 19, வியாழன்

இருக்கிறான். கையிலும் தோளிலும் காயம். எல்லோரும் உட்காரட்டும் என்று கொட்டகைக்கு வெளியே காலித் தட்டோடு நின்றிருந்தான்.

உள்ளே இருந்தவர்களில் அறுபத்திரண்டு பேர் போய்விட்டார்கள். அண்ணன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். இதை எழுதவே கூசுகிறது.

மார்ச் 31, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். நானும் போயிருந்தேன். அண்ணி சாப்பாடு எடுத்து வைத்தாள். தட்டைத் தொடாமல், "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்றான். வீட்டில் இருப்பதே மூன்று பேர். "ஆச்சு" என்றாள் அண்ணி. நாங்கள் இருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. அவன் அப்புறமும் தட்டைத் தொடவில்லை.

ஒரு வார்த்தை திட்டினால் தேவலை. நீ சொன்னியே என்றாவது சொல்லலாம். அதுவும் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

ரிப்பன் ஜெனரலுக்கு இப்போது தலைபோகிற அவசரம். அடுப்பு உத்தரவு உடனே வர வேண்டுமாம். வெளியீட்டு விழா பெரிய அரங்கில், முடிந்ததும் அதிகாரிகள் எல்லோருக்கும் அங்கேயே ஒன்றாக மதிய விருந்து. தலையில் அடித்துக்கொண்டு உத்தரவை எழுத உட்கார்ந்தேன். இந்த ஆட்களை வைத்துக்கொண்டுதான் படையைத் திருத்த வேண்டும்.

ஏப்ரல் 15, புதன்

கமாண்டர் என்ற முறையில் அண்ணனின் கருத்தும் தேவை. வரைவை எடுத்துக்கொண்டு போனேன். படிக்கும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டுக் கச்சேரி என்று இன்னொரு தடவை கிண்டல் செய்யமாட்டானா, அதெல்லாம் முடியாது என்று மல்லுக்கு நிற்கமாட்டானா என்று ஏங்கினேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அவன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே அழுதேன்.

கட்டுப் போட்ட கையால் பேனாவைக் கேட்டான்.

"எட்டு அதிகம் பாப்பா" என்றான். "நாலுன்னு போடு."

போட்டுவிட்டேன்.