முதலை இருக்குதா என்று கேட்க ஒரு தீவு

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் மகன் முருகேசன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தபோதே சொன்னேன். இவன் ஒரு நாள் பெண்டாட்டி பிள்ளையோடு தீவுக்குக் கிளம்புவான், கிளம்புகிறதற்கு முன்னால் என்னிடம் வந்துதான் நிற்பான் என்று. யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்படியே வந்து நின்றான்.

“அன்னிக்கு அப்பாவும் நீங்களும் எழுதுன பாரம் இருக்குதா மாமா? மாதிரிக்குப் பாத்துக்கறேன்” என்றான்.

பீரோ மேலிருந்து பிளாஸ்டிக் கவரை இறக்கினேன். பாரம் போலீஸ் ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது, போட்டோ மட்டும்தான் மிச்சம் என்று அவனிடம் சொன்னேன். பாஸ்போர்ட் சைஸில் உனக்கு எட்டு, எனக்கு எட்டு. இத்தனை வருஷ ஈரத்தில் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன. நகத்தை விட்டுப் பிரித்தேன். உன் மீசையில் பாதி என் நெற்றிக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே சட்டை. நீ துடுப்புப் போட்ட கையோடு பனியனில் ஸ்டுடியோவுக்கு வந்து, என் கோடு போட்ட சட்டையைக் கழற்றச் சொல்லி மாட்டிக்கொண்டாய். உன் தோளுக்கு அது பத்தாமல் இரண்டாவது பட்டன் தெறித்து எங்கேயோ போனது. அந்தப் பட்டன் இல்லாமல்தான் நான் என் படத்துக்கு உட்கார்ந்தேன். என் போட்டோவைப் பார்க்கிறவன், இந்த ஆளுக்குப் பட்டன் வைக்கக்கூட வக்கில்லை என்று நினைப்பான். உன்னால் எனக்கு வந்த பெருமை அது.

ஊர் சுற்றப் போகிறவர்களைப் பற்றி நான் மரியாதையாகப் பேசியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒகேனக்கல்லில் நாற்பது வருஷம் மீன் வறுத்துக் கொடுத்தவன் நான். நாற்பது வருஷம் பரிசல் ஓட்டியவன் நீ. அந்தக் கூட்டத்தின் புத்தி நம் இரண்டு பேருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வீட்டில் பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்கும். அதை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வந்து, கண்டவன் கையால் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவியில் போய் அடி வாங்குவான். அப்புறம் என் கடையில் உட்கார்ந்து, மீனில் முள் இருக்கிறதே என்பான். மீனில் முள் இல்லாமல் என்ன, பூவா இருக்கும்?

அந்தக் கூட்டத்தில் ஒருவனாக ஆகவேண்டும் என்று உனக்கு ஆசை வந்தது பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, தகரத்தின் சூடு படாத இடமாகப் பார்த்துக் குந்தினாய். “மாப்ள, ஒருதபா நான் டூரிஸ்டா போவணும்” என்றாய்.

“எங்க, பென்னாகரம் சந்தைக்கா?”

“கிண்டல் பண்ணாத. படகுல நான் குந்திகிட்டு வரணும். வேற ஒருத்தன் ஓட்டணும். நான் அவன மூணு கேள்வி கேக்கணும்.”

அந்த மூன்று கேள்வியும் எனக்கு மனப்பாடம். பரிசலில் ஏறுகிற எவனும், எந்த ஊர்க்காரன் ஆனாலும், அதே வரிசையில் அதைத்தான் கேட்பான் என்று நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். ஆழம் எவ்வளவு இருக்கும்? முதலை இருக்குதா? கவிழ்ந்தா நீங்க காப்பாத்துவீங்களா? நாற்பது வருஷம் நீ பதில் சொன்ன கேள்வி. ஒரு நாளாவது கேட்கிற பக்கம் உட்கார வேண்டும் என்றாய்.

“அதுக்கு எதுக்குத் தீவு? நம்ம ஆத்துலயே வேற ஒருத்தன் பரிசல்ல ஏறு. நான் சொல்லி உடறேன்” என்றேன்.

“நம்ம ஆத்துல எவன் ஓட்டினாலும் அவன் பண்ற தப்பு எனக்குத் தெரிஞ்சிடும். கை சும்மா இருக்காது மாப்ள. கடல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் தெரியாத தண்ணில போவணும். நீதான் லட்சத்தீவுல பத்து மாசம் இருந்த ஆளாச்சே, இட்டுகினு போ.”

இருந்தேன்தான். இந்த வட்டாரத்திலேயே அந்தத் தீவில் சமையல் கொட்டகை போட்டு, நூற்றைம்பது பேருக்கு உலை வைத்த ஒரே ஆள் என்று என்னைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தீவு என்றால் என்ன? ஒரு முனையில் மீன் வறுத்தால் மறு முனையில் இருக்கிறவன் தும்முவான், அவ்வளவுதான் அகலம். காலையில் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு நேராக நடந்து போனவன், மத்தியானத்துக்குள் அதே வீட்டின் கொல்லைப் பக்கமாக வந்து சேர்வான். சுற்றிலும் தண்ணீர், குடிக்கிறதற்குச் சொட்டு இல்லை. தேங்காயை வைத்தே பல் விளக்கி, தேங்காயையே தின்று, தேங்காய் மட்டை மேலேயே தூங்க வேண்டும். இதைப் பார்க்கக் கொச்சி வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போக வேண்டுமா என்று கேட்டேன். எத்தனை மட்டமாகப் பேசினேனோ அத்தனை அழகாக உன் கண்ணுக்கு அது தெரிந்தது. என் வாய் அப்படி.

அதற்கப்புறம் நீ போட்ட திட்டம் இருக்கிறதே! தருமபுரிக்குப் போய் ஓலைத் தொப்பி ஒன்று வாங்கினாய். அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது, மாட்டுக்குத் தவிட்டுக் கூடையைக் கவிழ்த்தது போல இருந்தது. கூலிங் கிளாஸ் வாங்கினாய். அதை மாட்டிக்கொண்டு பரிசல் துறைக்குப் போய், படியில் இடறி விழுந்தாய். உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். “எங்கண்ணன் போறதுக்குள்ள அந்தத் தீவே பயந்து முழுவிடும்” என்றாள். நீ கோபிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகினாய். அது ஒன்றுதான் உனக்கு வரவே இல்லை. டீக்கடை பெஞ்சில் கையைக் கட்டி உட்கார்ந்தால், ஐந்து நிமிஷத்தில் உன் வலது கை தானாக இடுப்பிலிருந்து கிளம்பி, இல்லாத துடுப்பைத் தேடும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு மனுஷனுக்குச் சும்மா இருக்கக்கூடத் தெரியாதா?

அந்தத் தீவுக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. அனுமதி வேண்டும். அதற்கு, இந்த ஆள் மேல் வில்லங்கம் இல்லை என்று நம் ஊர் போலீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். நீ பாரத்தில் கையெழுத்துப் போட்டு, போட்டோவை ஒட்டி, என்னிடம் கொடுத்து அனுப்பினாய். ஸ்டேஷன் என்றாலே உனக்கு ஆகாது. காரணம் நான்தான். அந்த வெள்ளத்து வருஷம் மறக்குமா? அக்கரையில் கர்நாடகத்துப் பக்கம் கிடா விருந்து என்று நான் போய்விட்டேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. பரிசல் ஓட்டக் கூடாது என்று உத்தரவு. இரண்டு நாள் நான் வரவில்லை என்றதும் உன் தங்கச்சி உன்னிடம் வந்து அழுதாள். நீ அந்தச் செம்மண் தண்ணீரில் பரிசலைத் தள்ளிக்கொண்டு வந்தாய். வருகிற வழியெல்லாம் நான் உன் துடுப்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கரையில் போலீஸ் நின்றது. கேஸ் உன் பேரில். கோர்ட்டில் அபராதம் கட்டினாய். நான் வாசலில் நின்று உன் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

பாரத்தோடு போனவன் சாயங்காலம் திரும்பி வந்து உன்னிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“தண்ணியில செஞ்ச குத்தமாம் மச்சான். தடையை மீறி ஆத்தத் தாண்டினவன, அவ்ளோ பெரிய கடலத் தாண்டி அனுப்ப மாட்டாங்களாம். இன்ஸ்பெக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. இனிமே கேக்கவும் வேணாம்னுட்டாரு.”

நீ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, ஓலை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தாய். அப்புறம் சிரித்தாய். “ஒரு கெடா விருந்துக்குப் போன ஆள இட்டாரப் போயி, ஒரு தீவே போச்சுடா மாப்ள. உன்ன அங்கயே உட்டிருக்கணும்” என்றாய். அதோடு சரி. அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தொப்பி பரிசல் துறையில் வெயிலுக்கு ஆனது. மூன்றாம் வருஷம் மார்வலி வந்து நீயும் போய்விட்டாய்.

இப்போது முருகேசனுக்கு வருவோம். அவன் போடுவதெல்லாம் ஒரு திட்டமா? செல்போனைத் தடவித் தடவித் தீவைக் காட்டுகிறான். தண்ணீர் மேல் குடிசை, குடிசைக்குள் கட்டில், கட்டில் மேல் துண்டை மடித்து வாத்து பொம்மை. வாத்தைப் பார்க்கத்தான் போகிறாயா என்றேன். சிரித்தான். ஆனால் பணமெல்லாம் கட்டவில்லை, தயங்குகிறான். என்னடா என்று அதட்டினேன்.

“அப்பாவையே உடல இல்ல மாமா. அந்தக் கேசுக்குப் புள்ள நான். என் பேரப் போட்டுப் பாத்தா அது வருமில்ல? பொண்டாட்டி முன்னாடி ஸ்டேஷன்ல என்னைய எதாச்சும் சொல்லிட்டா என்ன பண்றது? பேசாம ஏற்காடே போயிடலாம்னு இருக்கறேன்.”

எனக்கு வாயில் இருந்த வெற்றிலை கசந்துவிட்டது. சும்மா இருக்கிற ஆளா நான்? “போடா பைத்தியக்காரா, அந்தக் கேஸையெல்லாம் நான் பெரிய ஆபீசர்கிட்டப் பேசி எப்பவோ அடிச்சு எறிய வெச்சுட்டேன். உங்கப்பனுக்குச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள போயிட்டான். தைரியமாப் போயிப் பாரத்தக் குடு” என்றேன். அவன் முகம் விரிந்தது. சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டான். “மாமா, நீங்களும் வாங்க. நீங்க சமைச்ச எடத்த எங்களுக்குக் காட்டுங்க” என்றான். பார்த்த தீவையே எத்தனை தடவை பார்க்கிறது, எனக்கு வேறு வேலை இல்லையா என்று சொல்லிவிட்டேன். படகில் ஏறியதும் ஓட்டுகிறவனிடம் முதலை இருக்குதா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வா, உங்கப்பன் கேட்கச் சொன்னான் என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமை அவன் பாரத்தைக் கொடுத்துவிட்டான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். என்னால்தான் நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். நானும் மறுக்கவில்லை.

மச்சான், இந்தக் கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் நடந்தது நடந்தபடிதான், ஒன்றைத் தவிர. அந்த இன்ஸ்பெக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரைப் பார்க்கவே இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே பேக்கரியில் உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் நாலு டீ குடித்தேன். தீவில் கால் வைத்ததும், சமையல் கொட்டகை போட்ட இடத்தைக் காட்டு மாப்ள என்பாய். போடாத கொட்டகையை நான் எங்கே போய்க் காட்டுவேன்? உன் பாரம் ஸ்டேஷனுக்குள் போகவே இல்லை. கவரில், போட்டோவுக்கு அடியில் மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கிறது. நீ ஒட்டிய படத்தில் மீசை முழுசாக இருக்கிறது.