அவ கதவைத் திறந்தாவா?

கல்லடி
12.06.1993

‘நட்சத்திர வீடு’ நாடகத்தில தாய்க்குக் குரல் குடுக்கிற மகள் சபீனாவுக்கு,

நான் சீதேவிப்பிள்ளை. ரெண்டாம் வகுப்போட நிண்டவள், எழுத்துப் பிழை பாராதீங்க. பக்கத்து வீட்டு அழகரத்தினம் கார் பற்றரி பூட்டி ரீவி போடுவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊரே அங்கதான்.

போனமுறை, வேற கிரகத்தில காணாமப்போன மூத்த பொடியனைத் தேடிக் களைச்சு, எல்லாரும் விண்கப்பலுக்குள்ள கதவைப் பூட்டிட்டு இருக்கக்குள்ள, வெளியால தட்டிக் கேட்டிச்சே, “அம்மா, நான்தான்” எண்டு! சின்னனுகள் கத்தின கத்து! ஒரு குஞ்சு என்ட மடியிலேயே மூத்திரம் பெய்திட்டு. “திறக்காதகா, அது பேய்!” எண்டு பொண்டுகள் ரீவிக்குப் புத்தி சொல்லுறாளுகள். அழகரத்தினம் தான் பயப்படல்ல எண்டார். கதிரைக்குப் பின்னால நிண்டுதான் சொன்னார்.

இந்தக் கிழமை நாடகமே வரல்ல. அவ கதவைத் திறந்தாவா? தட்டினது ஆரு? அதை மட்டும் எழுதுங்க மகள்.

அன்போட,
சீதேவிப்பிள்ளை


கொழும்பு
25.06.1993

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை என்னோடு குரல் கொடுக்கும் ஆட்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அழகரத்தினம் அண்ணனுக்குச் சலாம் சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகள் பயந்து காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று பெற்றோர் கட்டுக்கட்டாக எழுதியதால் நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். முடிவை வெளியில் சொல்லக் கூடாதாம். கோபிக்காதீர்கள்.

உங்கள் மகள்,
சபீனா


கல்லடி
09.07.1993

மகள் சபீனாவுக்கு,

கோபமில்ல. ஆனா நான் கேக்கிறதுக்குக் காரணமிருக்கு. மூணு வருசத்துக்கு முந்தி, ஆமி ஊரைச் சுற்றிவளைச்ச நேரம், பட்டப்பகல், என்ட கதவையும் தட்டிச்சு. பேச்சில்ல, தட்டு மட்டுந்தான். ரெண்டு பொம்புளப் புள்ளைகளையும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு மூச்சுவிடாம இருந்திட்டன். பிறகு ஆரோ ஓடுற சத்தம், பின்னால சப்பாத்துச் சத்தம். காலையில கடைக்குப் போன என்ட மகன் மூர்த்தி இன்னும் வரல்ல. தட்டினது அவனா, ஆமியா, தெரியாது. நான் போய்க் கேக்காத ஆமிக் காம்ப் இல்ல.

அந்தத் தாய் என்ன செய்தா எண்டு சொல்லுங்க மகள்.

சீதேவிப்பிள்ளை


கொழும்பு
20.07.1993

அம்மா,

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்தத் தாய் திறக்கவில்லை. தட்டியது மகன் இல்லை, அவன் குரலில் பேசிய மிருகம். திறந்திருந்தால் கப்பலுக்குள் இருந்த சின்னப் பிள்ளைகள் இரண்டும் போயிருக்கும். தாய் செய்தது சரி அம்மா. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுங்கள்.

சபீனா


கல்லடி
14.03.1994

என்ட செல்ல மகள் சபீனாவுக்கு,

நாடகத்தைத் திரும்பவும் போட்டாங்க. போன வெள்ளி முடிவு வந்திச்சு. தாய் திறந்தா. மகன்தான் நிண்டான். “உள்ளுக்கு வா மகன்” எண்டு உன்ட குரலாலதான் கேட்டிச்சு.

சின்னனுகள் கைதட்டிச்சுதுகள். நானும் தட்டினன். ஒரு தாய்க்காவது வந்து சேந்தானே.

உன்னில கோபமில்ல மகள். உன்ட கடிதம் வந்த பிறகுதான் நான் கதவடியை விட்டுட்டுப் பாயில படுத்தன். எட்டு மாசம். அந்தப் புண்ணியம் உனக்குத்தான். ஆனா இனி எனக்கு ஆறுதலுக்கு எண்டு ஒண்டும் எழுதாத. தெரியாததைத் தெரியாது எண்டே நான் வச்சிருக்கிறன்.

இவ்வளவு நாளும் என்ட கதையையே எழுதிட்டன். உனக்குப் புள்ளைகள் இருக்கா? என்ன பேர், என்ன குழப்படி செய்யுதுகள்? அதை எழுது. உள்ளபடி எழுது.

உன்ட அம்மா,
சீதேவிப்பிள்ளை