மிளகாய்ப் புகையில வந்த கண்ணீர்

ஞாயிறு, இரவு

நாங்கள் மிளகாய்த்தூள் விக்கிற பேஸ்புக் பேஜைத் திறக்கவே அருவருப்பாக் கிடக்கு. காலமை செத்தல் மிளகாய் வறுக்கேக்கை புகை அடிச்சுக் கண்ணீர் வந்தது. இவரின்ர தங்கச்சி அதை வீடியோ எடுத்து, "கணவனை இழந்த அக்காவின் போராட்டம்" எண்டு போட்டிருக்கிறாள். இவர் மல்லி வாங்கக் கிளிநொச்சிக்குப் போயிருந்தவர், அவ்வளவுதான்!

பின்னேரத்துக்குள்ள பேஜில ஆயிரக்கணக்கில ஆக்கள் சேர்ந்திட்டினம். எல்லாரும் "பாவம்" எண்டு எழுதுகினம். ஒருத்தரும் தூள் கேக்கேல்லை.

"சொந்த அண்ணனையெல்லோ சாக்காட்டிப் போட்டாய், அழியடி அதை!" எண்டு கத்தினன்.

"வெளிநாட்டுச் சனம் இதைத்தான் பாக்கும் அண்ணி," எண்டாள். துப்ப வேணும்போல இருந்தது.

இவராவது கோவிப்பார் எண்டு பாத்தன். தனக்கு வந்த அஞ்சலியெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டு, மெல்லக் கேக்கிறார்:

"நாளைக்கும் வீடியோ எடுக்கேக்கை நான் வயல்பக்கம் போய் நிக்கட்டோ?"