கதையில் மட்டும் திறந்த கதவு

அன்புக் கமலா,

நீ போன பிறகு நம் எழுத்தாளர் வாட்ஸ்அப் குழு ஓயவே இல்லை. அகல்விளக்குப் படங்கள், இரங்கல் கவிதைகள். வழக்கமாக வரும் போட்டி அறிவிப்புகளும் மின்னூல்களும் அடியில் புதைந்துவிட்டன. "கதைய படிச்சிட்டு சும்மா அருமைன்னு போட்டுட்டு ஓடக் கூடாது, எந்த இடம் ஒட்டல, அத சொல்லணும்" என்று சட்டம் போட்டவள் நீ. உன் கடைசிக் கதைக்குக் கீழே அருமைகள் மட்டுமே வரிசையாக நிற்கின்றன.

மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பு, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அதைக் குழுவுக்கு அனுப்பினாய். கூடவே, பஸ் இரைச்சலுக்கு நடுவே உன் குரல் பதிவு: "முடிவு ஒட்டுதா, இல்லையா? ஒட்டலன்னா வெட்டிடலாம்." நாங்கள் படித்து முடிப்பதற்குள் வார்டில் கிடந்தாய்.

குழுவை நடத்தும் ராஜு அண்ணன் அதை உன் நினைவாக மின்னிதழில் போட நினைத்தார். பிழை பார்க்க எனக்கு அனுப்பினார். பிழைகள் குறைவு. ஆனால் நான் குழுவில் எழுதிவிட்டேன், முடிவு ஒட்டவில்லை என்று. உடனே அவரிடமிருந்து அழைப்பு.

"என்ன விமலா, கருமாதிகூட ஆகல லா! இப்பப் போயா?"

"கேட்டது அவதானே அண்ணே."

"கேட்டவ போயிட்டா. நீ யாருக்குப் பதில் சொல்ற?" பிறகு அவரே, "சரி, நீதான் அவளுக்கு நெருக்கம். அந்தக் கடைசிப் பத்தி வேணுமா வேணாமா, நீயே பாத்து முடிவு பண்ணு" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒரே மாதிரியை இரண்டு முறை சோதிக்கிறேன். மனம் உன் கதையில் இருக்கிறது.

உன் பார்வதி, தான் விரும்பியவனை அடித்து விரட்டிய அண்ணனை ஒதுக்கி வைத்தவள். அவன் அழைத்தால் போனை எடுக்காதவள். கடைசிப் பத்தியில் அவன் மழையில் நனைந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு அவள் பிளாட் வாசலில் நிற்கிறான். அவள் கிரில் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்கிறாள். எப்படி, கமலா? அத்தனை வருடக் கோபம் எந்த வரியில் இறங்கியது?

பார்வதி யாரென்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் சேகர் வார்டுக்கு வெளியே நின்றதை நான் பார்த்தேன். "அவன உள்ள விடாதீங்க மிஸ்ஸி" என்று நீ தாதியிடம் சொன்னபோது நான் உன் பக்கத்தில் இருந்தேன். எழுதும்போது கதவைத் திறந்தவளை நம்புவதா, வார்டில் மூடச் சொன்னவளையா?

போன வாரம் சேகர் சுங்கை ஊடாங்குக்கு, என் வேலையிடத்துக்கே வந்துவிட்டார். யாரோ கதையையும் என் கருத்தையும் அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"முடிவு சரியில்லன்னு சொன்னீங்களாமே அக்கா?"

ஒட்டவில்லை என்றுதான் சொன்னேன் என்றேன். குரல் கறாராகவே வந்தது. வேறு குரல் எனக்கு வாய்க்கவில்லை.

"எனக்கும் ஒட்டலதான். அவ எங்க திறந்தா? ஆஸ்பித்திரியில மூஞ்சிகூட காட்டல." தலைக்கவசத்தைக் கை மாற்றிப் பிடித்தார். "ஆனா எழுதறப்ப ஒரு தடவ திறந்து பாத்திருக்கா இல்ல? அத வெட்டிராதீங்க."

அவரை மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. நீ மன்னித்தாய் என்று சாட்சி சொல்லவும் முடியாது. அவர் மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பிப் போய்விட்டார்.

இன்று காலை ராஜு அண்ணனுக்குக் கதையை அனுப்பினேன், கடைசிப் பத்தியோடு. எழுத்துப் பிழைகளைத் தவிர எதையும் தொடவில்லை. கதைக்குக் கீழே போட என் கருத்தையும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். "ரெண்டையும் போட்டா திட்டுவாங்க" என்றார். திட்டட்டும் என்றேன்.

கமலா, இனி இந்தக் குழுவில் யார் கேட்டாலும், உனக்குச் சொன்னதைப் போலவே சொல்வேன். நீ திறந்த கதவை நான் சாத்த மாட்டேன். அது ஒட்டுகிறது என்று பொய்யும் சொல்ல மாட்டேன்.

உன்னோடு வழக்கு இன்னும் தீராத
உன் விமலா அக்கா
மலாக்கா