‘ஃபீட்’ என்ற சொல்லுக்கு உதாரணம்

வள்ளி,

அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. டியூஷன் எடுக்கப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில். பைக் சாவி என்னிடம்.

உன் இன்ஸ்பெக்டர் தந்த பாராட்டுக் கடிதத்தில் ‘ஃபீட்’ (feat) என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருந்தது. நேற்று அதற்கு அர்த்தம் கேட்டாய். நான் கடிதத்தை முழுதாகப் படிக்காமலே, “அருஞ்செயல்னு அர்த்தம். எவரெஸ்ட் ஏறுனா சொல்லலாம். டியூட்டி பாத்ததுக்கெல்லாம் ரொம்ப அதிகம்ட்டி” என்றேன். நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டாய்.

காலையில் உன் போன் அடித்தது, நான் எடுத்தேன். அச்சன்புதூர் சமீனாவாம். போன வாரம் நீ டியூட்டியில் இருந்த ஐந்தருவியில் திடீரென்று வெள்ளம் வந்தபோது பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவர். “எல்லாரும் எண்ணெ தேச்சிருந்தோம் சார், கையப் பிடிச்சா வழுக்குது. அக்காதான் எங்க முடியக் கையில சுத்திப் பிடிச்சு ஒவ்வொருத்தியா கரையில இழுத்துப் போட்டாவ. பதினோரு பேரு!”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “இன்னைக்குத் தண்ணி ரொம்ப” என்று மட்டும்தானே சொன்னாய்?

பதினெட்டு வருஷமாக அந்தச் சொல்லுக்கு உதாரணமாகப் போர்டில் எவரெஸ்ட் என்றே எழுதி வந்திருக்கிறேன். இன்று மாற்றி எழுதப் போகிறேன்.

சமீனா பத்து மணிக்கு மகளோடு வருகிறார். காப்பி போட்டுக் கொடு.

இன்ஸ்பெக்டர் கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கிழித்துவிடாதே.

இன்னொன்று. வெள்ளம் வந்த அன்று உன் வாட்ச் வாரில் நீளமாக ஒரு முடி சிக்கியிருந்தது. “கையக் கழுவிட்டு சோறு போடுட்டி” என்று எரிந்து விழுந்தேன். யார் முடி என்று கேட்டிருக்க வேண்டும்.