போர்டு மட்டும்தான் அண்ணாச்சி

தூத்துக்குடி,
ஜூன் 14.

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெனோவா எழுதுவது. நான் நலம். உங்கள் சுகத்துக்காக மாதா கோவிலில் தினமும் மெழுகுதிரி ஏற்றுகிறேன். போனில் சொன்னால் பேசிப் பேசியே என்னை வழிக்குக் கொண்டுவந்துவிடுவீர்கள். அதனால் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் மெல்வினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் சீசர், கேஸ் கொண்டுவரும் சுடலைக்கண்ணன் அண்ணாச்சியைக் கடித்துவிட்டது.

தப்பு என்னுடையது. கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' போர்டை நீங்கள் மாட்டியபோது நம் வீட்டில் பூனைகூடக் கிடையாது. அண்ணாச்சி தயங்கி நின்றார். "போர்டு மட்டும்தான் அண்ணாச்சி, சும்மா வாங்க" என்று சிரித்தவள் நான்தான். நம் தெருவில் பாதி போர்டுகள் அப்படித்தானே. போன லீவில் நீங்கள் நிஜமாகவே ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டுப் போனீர்கள். ஒற்றை ஆள் சமையலுக்கு ஒரு சிலிண்டர் நாலு மாதம் வருகிறது. அவர் மறுபடி வருவதற்குள் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், தோளில் சிலிண்டரோடு வழக்கம்போல் உள்ளே வந்தார். சீசர் பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அப்போதும் சிலிண்டரைக் கீழே போடவில்லை, அத்தான். மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பெரியாஸ்பத்திரியில் தெரு நாய் கடித்தது என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஆம்பளை இல்லாத வீடு. கேசு கீசுன்னு வந்தா நீ யாருகிட்டம்மா போய் நிப்ப?" என்றார். கடிபட்டவர் என்னைப் பார்த்து இரக்கப்படுகிறார்! வெட்கத்தில் அழுதுவிட்டேன். பிறகு நானே டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

மூன்று ஊசி ஆயிற்று. புண் ஆறுகிறது. ஆனால் இன்னும் வேலைக்குப் போகவில்லை. "நாய் சத்தம் கேட்டா தூக்கத்துலயும் காலை இழுத்துக்கிடுதாவ" என்று அவர் மனைவி இசக்கியம்மாள் சொன்னார். இருபது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதர்.

சீசரை உங்கள் தம்பி டிக்சன் தன் உப்பளத்துக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே நன்றாகத்தான் இருக்கிறது. கோபப்படாதீர்கள். எனக்குத் துணை வேண்டும் என்றுதானே அதை விட்டுப் போனீர்கள். துணை வேண்டும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. போர்டையும் கழற்றிவிட்டேன்.

இந்தச் சிலிண்டரும் நாலு மாதம் வரும். நீங்கள் வந்துவிட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்த தடவை அண்ணாச்சி வந்து தெருவிலேயே நின்றால், கேட்டைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட நீங்கள் இருக்கவேண்டும். நான் கூப்பிட்டால் இனி நம்பமாட்டார்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஜெனோவா