நட்டவர் பெயர்

சோரியாங்குப்பம்,
பாகூர் கொம்யூன்,
11-2-1988

அன்புள்ள நூருவுக்கு,

விருத்தாம்பாள் எழுதுகிறேன். இங்கே எங்கள் வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அண்ணனும் மெஹர் நிஷாவும் அப்படியே இருக்க வேண்டும். மெஹரின் நிக்காஹ் பத்திரிகை கிடைத்தது. கல்லூரியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது நேற்று போலத் தோன்றுகிறது. அதற்குள் உன் பெண்ணுக்குக் கல்யாணம்.

இந்தக் கடிதத்தைத் துணிக்கடை ஷரீப் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். சரக்கெடுக்க மெட்ராஸ் வருகிறார். தபாலில் போட்டால் அது வந்து சேருவதற்குள் நீ புதிய கம்ப்யூட்டர் பிளாப்பியை அனுப்பிவிடுவாய் என்று பயம். முழுதும் படித்துவிட்டு, நான் கேட்பதைச் செய்து, பிளாப்பியை அவர் கையிலேயே கொடுத்துவிடு.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை நான் உனக்குப் போன் செய்யவில்லை. அதற்கு முன்னால் வந்த போன்களும் நான் செய்தவை அல்ல. ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றோரம் சாய்ந்த தந்திக் கம்பங்களை இன்னும் யாரும் நிமிர்த்தவில்லை. சர்க்கரை ஆலையில் எங்கள் கரும்புப் பிரிவு போன் அன்றிலிருந்து ஊமை. தூசு படியாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தில், "உன் குரலேதான்டி, ஆனால் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம். போனை ஆற்றுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாயா என்று கேட்டேன், நீ சிரிக்கவே இல்லை" என்று எழுதியிருந்தாய்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளிவு வரும். போன வருடம் மாசியில் எங்கள் ஆலைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத நீ வந்து இரண்டு நாள் தங்கி, யார் யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டாய். எந்த வயல் கரும்பு முதலில் முற்றுகிறதோ அதற்கு முதலில் வெட்டு ஆர்டர், பட்டாதாரர் பெயரில். ஆர்டர் இல்லாத வண்டியை எடைமேடையில் ஏற்றக் கூடாது. அவ்வளவுதான் தேவை. மேனேஜர் உலகநாதன் கையெழுத்துப் போட்டார். கேட்டவர் பெயர் இல்லாத மாற்றத்தை நான் தொடமாட்டேன் என்று நீ அவரிடம் கறாராகச் சொன்னது நினைவிருக்கிறது.

அன்று நீ பஸ் ஏறிய பிறகு ராமாயி வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. எங்கள் ஆற்றோர வயலில் வேலை செய்தவள். கைராசிக்காரி என்று ஊரில் எல்லோரும் முதல் கரும்புக் கரணையை அவளை வைத்துத்தான் நடுவார்கள். நட்டவரே வெட்டுக்கும் முதல் அரிவாள் வைக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கம்ப்யூட்டர் வருகிறது என்று கேள்விப்பட்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். "இன்னா சின்னம்மா, நட்டது நானு. மிஷினு சீட்டுல எம் பேரு வராதா?" என்றாள். அதற்கு இடம் இல்லையே ராமாயி, எல்லாம் முடிவாகிவிட்டது என்றேன். "அப்ப நான் நட்டது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். கோபமாகக்கூட இல்லை.

ஐப்பசியில் பெண்ணையாறு புரண்டு வந்தபோது அவள் எங்கள் வயலில் இருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு கரும்புக்கு நடுவில் கிடைத்தாள். இரண்டு கையிலும் கரும்பைப் பிடித்திருந்தாள். விரல்களைப் பிரிக்க முடியாமல் கரும்போடு சேர்த்து வெட்டித்தான் தூக்கினார்கள்.

அதன் பிறகு உன்னிடமிருந்து முதல் மாற்றம் வந்தது. ஆர்டரில் 'நட்டவர்' என்று ஒரு இடம் புதிதாகச் சேர்ந்திருந்தது. 'நீ கேட்டபடி' என்று பிளாப்பியோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தாய். மேனேஜர் கேட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் கேட்டிருப்பேன் என்று அவர் நினைத்தார். நல்ல மாற்றம்தானே என்று இருவரும் பேசாமல் இருந்துவிட்டோம். எல்லா வயலுக்கும் அந்த இடம் காலியாக அச்சானது. எங்கள் வயலுக்கு மட்டும் ராமாயி என்று வந்தது. அந்தப் பெயரை நான் ஏற்றவில்லை. கம்ப்யூட்டர் அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அடுத்த மாற்றத்தில், நட்டவர் வயலில் வந்து நின்றால்தான் ஆர்டர் செல்லும், அதுவரை அடுத்த வயல்களுக்கு ஆர்டர் அடிக்காது என்று ஆகிவிட்டது. ஆற்றோரத்துக் கரும்பெல்லாம் எங்கள் வயலுக்குப் பின்னால் நின்றுவிட்டது. குடியானவர்கள் என் மேஜையைச் சுற்றி நின்று சத்தம் போட்டார்கள். பழைய பிளாப்பியைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நூரு, நீ முதன்முதலில் கொடுத்த அதே பிளாப்பி, உன் கையெழுத்து ஒட்டியது. அதிலும் 'நட்டவர்' இருக்கிறது. அதிலும் ராமாயி இருக்கிறாள்.

அப்புறம்தான் நட்டவர் வர முடியாவிட்டால் இன்னொருவர் நிற்கலாம் என்ற மாற்றம். அதில் எங்கள் பீல்டுமேன் அப்துல் சமது பெயரை நானே சொன்னதாக நீ எழுதியிருந்தாய். சீட்டு வந்த அன்றைக்கே சமது அண்ணன் வயலுக்குப் போனார். ஒரு கட்டு பீடி முடிவதற்குள் வந்துவிடுவேன் என்று வெட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தவர் வரவில்லை. வெட்டுக்காரி அம்சவள்ளிதான் தேடிக்கொண்டு போனாள். "ரெண்டு கையாலயும் கரும்பப் புடிச்சினு குந்தினு இருந்தாரும்மா. வெயில்ல காயுற மண்ணு, அவரு வேட்டி மட்டும் இடுப்பு வரைக்கும் நனைஞ்சி இருந்திச்சி" என்றாள். சமது அண்ணன் இப்போது வீட்டில் இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். யார் போய்ப் பார்த்தாலும், "இன்னும் வெட்டலியா?" என்று மட்டும் கேட்கிறார். என்னிடம் கேட்டபோது சின்னம்மா என்று சேர்த்துக் கேட்டார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

இப்போது திங்கட்கிழமை மாற்றம். சமது பெயரை எடுத்துவிட்டு சிவப்பிரகாசம் என்று போடச் சொன்னேனாம். இதுதான் கடைசி மாற்றம் என்றேனாம். கடைசி மாற்றம் என்று சொல்லாத ஆள் உலகத்தில் உண்டா என்று நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். நூரு, என் வீட்டுக்காரர் பெயரை நான் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? எனக்கு நிச்சயமானதும் அவர் பெயரைச் சொல்லச் சொல்லி ஹாஸ்டலில் எத்தனை தடவை என்னைச் சீண்டியிருப்பாய்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கிறார். "மிஷினுக்கும் செத்தவளுக்கும் பயந்து கரும்பக் காய வுடுவியா? சீட்டு வரட்டும், நான் போய் நிக்கிறேன். நீ பி.எஸ்ஸி. படிச்சது இதுக்குத்தானா?" என்கிறார். அரிவாளைச் சாணை பிடித்து வைத்திருக்கிறார். சீட்டு இல்லாமலே முதலில் வெட்டிவிடலாமா என்று அம்சவள்ளியைக் கேட்டேன். "நட்டவ பாத்துனு இருக்கும்போது எவ மொத அறுவா வெப்பா? எம் புள்ளைங்களுக்கு நான் வோணும்மா" என்று கும்பிட்டுவிட்டாள். ஆலை நிர்வாகமோ, இந்த மாதத்துக்குள் ஆற்றோரக் கரும்பு வராவிட்டால் இந்த வருடம் எடுக்கவே முடியாது என்கிறது. அத்தனை குடும்பமும் எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் இரவு முழுதும் யோசித்தேன். அவளிடம் இடமில்லை என்று சொன்னவள் நான். அவள் உன்னிடம் பேச எடுத்துக்கொண்டதும் என் குரலைத்தான். என்னைத் தவிர வேறு யாரை அவள் கேட்டாள்?

அதனால், முறைப்படி என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்கிறேன். இந்த வேலையில் நானாகக் கேட்கும் ஒரே மாற்றம் இது. 'நட்டவர்' என்ற இடத்தில் ராமாயி என்பது அப்படியே இருக்கட்டும், இனி யாரும் எடுக்க முடியாதபடி செய்துவிடு. அவளுக்குப் பதில் நிற்பவர் என்ற இடத்தில் சிவப்பிரகாசம் என்று போடாதே. விருத்தாம்பாள் என்று போடு. சீட்டில் பெயர் உள்ளவர்தான் முதல் அரிவாள் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதை மீற மாட்டார். சீட்டு என்றால் அவருக்குச் சட்டம்.

அவருக்குக் காலையில் சர்க்கரை குறைவாகப் போட்ட காபிதான் பிடிக்கும், ஆனால் கேட்க மாட்டார். நிக்காஹுக்கு அவர் தனியாக வந்து நின்றால், ஏன் தனியாக வந்தீர்கள் என்று யாரையும் கேட்க விடாதே. மெஹருக்கு ஒரு பச்சைப் பட்டு எடுத்து ஷரீப் பாய் கடையிலேயே கட்டி வைத்திருக்கிறேன். இப்போதே உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எந்தக் குறையும் இல்லாமல் அவள் நிறைந்து வாழ வேண்டும். நீ நீண்ட நாள் கண்ணாடி போடாமல் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பிளாப்பி உன் கையைவிட்டுப் போன பிறகு உனக்குப் போன் வரும். என் குரலாகத்தான் இருக்கும். பெயரை எடுத்துவிடு நூரு, பயமாக இருக்கிறது, அவர் பெயரையே போட்டுவிடு என்று அழும். கல்லூரிக் கதையெல்லாம் சொல்லிக் கெஞ்சும். செய்யாதே. எவ்வளவு அழுதாலும் செய்யாதே. அன்றைக்குப் பேசுவது உண்மையிலேயே நானாக இருந்தாலும் செய்யாதே.

என்றும் உன்,
விருத்தாம்பாள்